தூதரின் மகள் எழுதிய அறிக்கை

1941 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை இரவு. லண்டனுக்கு வெளியே செக்கர்ஸ் மாளிகையில் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சில் சாப்பாட்டு மேசையில் இருக்கிறார். சின்ன வானொலிப் பெட்டியில் இரவுச் செய்தி ஓடுகிறது. பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கியது என்ற தகவல் அந்த மேசைக்கு வந்தது அப்படித்தான். பின்னாளில் தம் போர் வரலாற்றை எழுதிய சர்ச்சில், அமெரிக்கத் தூதர் ஜான் வினன்டும், அதிபர் ரூசவெல்ட்டின் சிறப்புத் தூதர் ஆவரெல் ஹாரிமனும் மட்டுமே அன்று தம்மோடு மேசையில் இருந்ததாகப் பதிவுசெய்தார். உண்மையில் சர்ச்சிலின் மருமகள் பமேலாவும், ஹாரிமனின் மகள் கேத்லீனும் அங்கே இருந்தார்கள். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அன்று கேத்லீனுக்கு 24 வயது நிறைந்த நாள். பிறந்தநாள்காரியையே மேசையைவிட்டு எழுப்பிவிட்டுத்தான் அந்த இரவு வரலாற்றுக்குள் போயிருக்கிறது. சர்ச்சிலுக்கு அந்தப் பெண்ணின்மேல் கோபமோ வெறுப்போ கிடையாது. பொறுப்பு வகித்தவர்களை அவர் எண்ணினார். அந்தக் கணக்கில் அவள் சேரவில்லை.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தூதர்களின் மகள்கள் வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒன்று, விருந்து, நடனம், காதல், குண்டுவீச்சுக்கு நடுவே பட்டாடை என்று கதை சொல்வது. மற்றொன்று, வரலாறு மறந்துவிட்ட வீராங்கனை என்று அவளைத் தூக்கி நிறுத்துவது. இரண்டுமே அவளிடம் வாங்கப்பட்ட வேலை என்ன என்று கேட்பதில்லை. என் வாதம் இது: தூதரின் மகளுக்குப் பதவி இல்லை என்பது அரசுகள் கவனிக்கத் தவறிய குறை அல்ல, அவள் பயன்பட்டதே அதனால்தான். பதவி இல்லாதவளை எங்கும் அனுப்பலாம், எதையும் பார்க்க வைக்கலாம், அவள் சொன்னது ஒத்துவந்தால் எடுத்துக்கொள்ளலாம், ஒத்துவராவிட்டால் வீட்டுப் பெண் சொன்னது என்று தள்ளிவிடலாம். கேத்லீன் ஹாரிமனின் போர்க்கால ஆண்டுகளில், குறிப்பாக 1944 ஜனவரியில் அவர் கத்தீன் காட்டுக்குப் போய்வந்த பயணத்தில், இது வெட்டவெளிச்சமாகத் தெரிகிறது.

கேத்லீன் செல்வத்தில் பிறந்தவர். தாத்தா இ. எச். ஹாரிமன் யூனியன் பசிபிக் ரயில்பாதையை ஆண்ட முதலாளி. தாய் 1936இல் இறந்துவிட்டார். 1940இல் பென்னிங்டன் கல்லூரியில் படிப்பு முடிந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் தந்தை ஆவரெல், கடன்–குத்தகைத் திட்டத்தின்கீழ் பிரிட்டனுக்குப் போகும் அமெரிக்கப் போர்த்தளவாடங்களை விரைவுபடுத்த லண்டன் போனார். கண்நோயால் சிற்றன்னை அமெரிக்காவிலேயே தங்கிவிட, மே மாத நடுவில் மகள் போய்ச் சேர்ந்தார். மே 10 இரவுக் குண்டுவீச்சில் மக்களவை மண்டபமே இடிந்து, அதன் புகை அடங்கியும் அடங்காமலும் இருந்த நேரம். சும்மா வருகிற பெண்ணுக்கு அந்த ஊரில் இடமில்லை. ஆகவே ஹெர்ஸ்ட் குழுமத்தின் செய்தி நிறுவனம் ஒன்றின் நிருபராக வந்தார். பிறகு நியூஸ்வீக் இதழுக்கு மாறினார். நியூஸ்வீக்கில் தந்தைக்குப் பங்கு உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் கணக்கு நேராகாது. அனுபவமே இல்லாத ஒரு பெண்ணுக்குப் போர்முனைத் தலைநகரில் நிருபர் வேலை கிடைத்தது திறமையால் மட்டும் அல்ல.

ஆனால் அந்த வேலையின் உள்முரண் கவனிக்கத்தக்கது. பகலில் அவர் செய்தி தேடும் நிருபர். இரவில் தந்தையின் விருந்து மேசையில் அமைச்சர்களையும் தளபதிகளையும் உபசரிக்கிற வீட்டுக்காரி. நிருபராக அவர் ஏங்கக்கூடிய செய்திகள் எல்லாம் உபசரிப்பவரின் காதில்தான் விழுந்தன, அவற்றில் ஒன்றையும் அச்சில் ஏற்ற முடியாது. அச்சேறாதவை கடிதமாயின. அக்கா மேரிக்கும், தன்னை வளர்த்த ஆசிரியைக்கும், மாஸ்கோ போன பிறகு பமேலாவுக்கும் எழுதிய கடிதங்களில் ஓர் எள்ளல் கண் விழித்தே இருக்கிறது. அவர் பெயரோடு அச்சான செய்திகளைவிட அந்தக் கடிதங்கள்தான் இன்று ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. அவருடைய எழுத்தில் நிலைத்தது எதுவோ அது யாரும் சம்பளம் கொடுக்காமல் எழுதியது.

லண்டனில் அவர் காத்த இன்னொரு சரக்கு ரகசியம். தந்தைக்கும் பமேலாவுக்கும் இடையில் உறவு இருந்தது. பமேலா சர்ச்சிலின் மகன் ராண்டால்பின் மனைவி, கேத்லீனைவிட இரண்டு மூன்று வயது இளையவர், அவரோடு ஒரே வீட்டில் தங்கிய தோழி. கேத்லீனுக்கு எல்லாம் தெரியும். அமெரிக்காவில் இருந்த சிற்றன்னைக்கு ஊர்ச் செய்தி எழுதும்போது அது மட்டும் கடிதத்தில் வராது. குடும்ப மானம் காத்தாள் என்று இதை முடித்துவிடலாம். ஆனால் பிரதமரின் மருமகளும் அமெரிக்க அதிபரின் சிறப்புத் தூதரும் சம்பந்தப்பட்ட உறவு குடும்ப விஷயம் மட்டும் அல்ல. இரண்டு அரசுகளுக்கு இடையே தகவல் நடமாடிய ஒரு வழி அது. அந்த வழிக்கு மறைப்பாக நின்றது இரண்டு இளம்பெண்கள் ஒன்றாகக் குடியிருக்கிறார்கள் என்ற கண்ணியமான தோற்றம். அதிபர் ரூசவெல்ட்டின் மகள் அன்னாவும் பின்னாளில் இதே வேலையைச் செய்தார். 1944 மார்ச்சில் மருத்துவர் ஹவர்ட் புரூயன் கண்டறிந்த தந்தையின் இதய நோயைப் பொதுமக்களின் கண்ணிலிருந்து மறைத்ததில் அன்னாவுக்குப் பங்கு உண்டு. தந்தை தம் பழைய காதலி லூசி ரதர்ஃபர்டை வெள்ளை மாளிகையில் சந்திக்க ஏற்பாடு செய்தவரும் அவரே. அதனால் தாயின் கோபத்துக்கு ஆளானவரும் அவரே.

இவர்களுக்குப் பக்கத்தில் சர்ச்சிலின் மகள் சாராவை வைத்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். சாரா விமானப்படையின் மகளிர் பிரிவில் சீருடை அணிந்த அதிகாரி. மெட்மன்ஹாம் தளத்தில் வான்படங்களைப் படித்து விளக்குவது அவர் வேலை. 1942 நவம்பரில் செக்கர்ஸில் தந்தை ஆர்வம் தாங்காமல், இந்த நேரம் நம் கப்பல்கள் வட ஆப்பிரிக்காவை நெருங்கிக்கொண்டிருக்கின்றன என்று மகளிடம் ரகசியம் உடைத்தார். மகளுக்கு அது மாதக்கணக்கில் தெரிந்த சங்கதி, அவர் மேசைமேல் இருந்த வேலையே அதுதான். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று பிரதமர் கேட்டபோது, ரகசியம் காப்பது என்று ஒன்று இருக்கிறதே என்ற பொருளில் பதில் வந்ததாகச் சாராவே நினைவுகூர்ந்திருக்கிறார். பதவி இருந்த மகளால் தந்தையிடமிருந்தே ரகசியம் காக்க முடிந்தது. பதவி இல்லாத மகள்கள் தந்தைக்காக மட்டுமே ரகசியம் காத்தார்கள்.

1943 அக்டோபரில் ஹாரிமன் சோவியத் ஒன்றியத்துக்கான தூதராக மாஸ்கோ போனார். ஸ்பாசோ மாளிகை என்ற தூதர் இல்லத்தை மகள் நிர்வகித்தார். ருஷ்ய மொழி கற்றார், அமெரிக்கப் போர்த் தகவல் அலுவலகத்தில் வேலை பார்த்தார். உள்ளூர்க்காரர்களோடு சகஜமாகப் பழக அந்நியருக்கு வழியில்லாத நகரத்தில், விருந்து மேசை ஒன்றுதான் மனிதர்களை எடைபோடக் கிடைத்த தராசு. அந்த ஆண்டு நவம்பர் 7 அன்று வெளியுறவு அமைச்சர் மொலோட்டவ் கொடுத்த புரட்சி ஆண்டுவிழா விருந்தில், கோப்பைமேல் கோப்பையாகக் குடிக்கவைக்கப்பட்டு பிரிட்டிஷ் தூதர் மேசைமீதே தலைகுப்புற விழுந்தார். அந்த இரவின் கூத்தைத் துல்லியமாக எழுதியவர்களில் கேத்லீனும் ஒருவர். உபசரிப்பு என்பது வெறும் உபசரிப்பு அல்ல என்பது சோவியத் தரப்புக்கு நன்றாகவே தெரியும். 1945 ஆகஸ்டில் சோவியத் சிறுவர் அமைப்பினர் ஹாரிமனுக்குப் பரிசாகக் கொடுத்த மரத்தாலான அமெரிக்க அரசு முத்திரைக்குள் ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தது. ஸ்பாசோ மாளிகைச் சுவரில் தொங்கிய அது 1952வரை கண்டுபிடிக்கப்படவில்லை. நாற்காலியில் சாய்ந்து பேசுகிற பேச்சின் மதிப்பு என்ன என்பதை மாஸ்கோ வாஷிங்டனைவிட நன்றாக அறிந்திருந்தது.

இனி கத்தீன். 1943 ஏப்ரல் 13 அன்று, தாங்கள் பிடித்துவைத்திருந்த ஸ்மோலென்ஸ்க் நகருக்கு அருகே கத்தீன் காட்டில் போலந்து ராணுவ அதிகாரிகளின் புதைகுழிகளைக் கண்டதாகவும், கொன்றது சோவியத் தரப்பே என்றும் ஜெர்மனி அறிவித்தது. லண்டனில் இருந்த நாடுகடந்த போலந்து அரசு செஞ்சிலுவைச் சங்க விசாரணை கோரியது. அதையே சாக்காக வைத்து ஸ்டாலின் அந்த அரசோடு உறவை முறித்தார். செப்டம்பரில் ஸ்மோலென்ஸ்க் மீட்கப்பட்டதும், அறுவை மருத்துவர் நிக்கலாய் புர்தென்கோ தலைமையில் சோவியத் ஆணையம் ஒன்று பிணங்களைத் திரும்பத் தோண்டியது. முடிவு அதன் பெயரிலேயே இருந்தது: ஜெர்மானியப் பாசிஸ்ட்டுகள் செய்த கொலையை விசாரிக்கும் ஆணையம் என்றுதான் அதற்குப் பெயர். 1944 ஜனவரியில் மேலைநாட்டு நிருபர்களைச் சிறப்பு ரயிலில் அழைத்துப் போனார்கள். கூடவே இரண்டு அமெரிக்கர்கள்: தூதரகத்தின் மூன்றாம் செயலர் ஜான் மெல்பி, கேத்லீன் ஹாரிமன். மெல்பிக்குத் தூதரக அந்தஸ்து இருந்தது. கேத்லீனுக்கு இருந்தது அப்பாவின் பெயர். வயது 26.

அங்கே காட்டப்பட்டவை இவை. இளம் பைன் மரங்கள். உறைந்த மணலில் திறந்துகிடந்த குழிகள். கூடாரங்களில் வெள்ளை அங்கி அணிந்த மருத்துவர்கள் பிணத்தைக் கீறிக் காட்டுகிறார்கள். எல்லா மண்டையோட்டிலும் பின்பக்கம் ஒரே ஒரு துளை. சட்டைப்பைகளிலிருந்து எடுத்ததாகச் சொல்லப்பட்ட காகிதங்களில் 1941ஆம் ஆண்டுத் தேதிகள். அதாவது அதுவரை அவர்கள் உயிரோடு இருந்தார்கள், ஜெர்மன் படை வந்த பிறகே கொல்லப்பட்டார்கள் என்று நிறுவும் தேதிகள். அப்புறம் சாட்சிகள். ஒப்பித்ததுபோலப் பேசினார்கள் என்பதைக் கேத்லீன் கவனித்தார், எழுதவும் செய்தார். பிணங்களின் மேலிருந்த கனத்த குளிர்காலக் கோட்டுகளும் கண்ணில் பட்டன. கொலை 1941 கோடையின் கடைசியில் நடந்தது என்றால் குளிர்கால உடை ஏன் என்று கேள்வி எழுந்தது. நேரான பதில் வரவில்லை. கொலை உண்மையில் நடந்தது 1940 வசந்தத்தில், அந்தப் பகுதியில் பனிக்குளிர் இன்னும் விலகாத வாரங்களில். கோட்டு உண்மையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

இவ்வளவையும் பார்த்தவர் எழுதிய அறிக்கையின் முடிவு, ஜெர்மானியர்களே கொன்றிருக்க வேண்டும் என்பது. அவரை அதிகம் நம்பவைத்தது எது என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார்: கொலையின் ஒழுங்குமுறை. ஆளுக்கு ஒரு குண்டு, வரிசை மாறாத அடுக்கு. இப்படித் துப்புரவாகச் செய்வது ஜெர்மானியர்களின் கைவேலை என்று அவருக்குத் தோன்றியது. இது சான்றிலிருந்து வந்த முடிவு அல்ல, இனங்களைப் பற்றிய முன்முடிவு. அந்தக் காலத்துச் சாப்பாட்டு மேசைகளில் எல்லாரும் பரிமாறிக்கொண்ட ஒன்று. தொழில்முறைத் தூதரக அதிகாரியான மெல்பியும் இதே குழியில்தான் விழுந்தார். சான்றுகள் முழுமையற்றவை, சரிவரக் கோக்கப்படாதவை, சுதந்திரமாகச் சரிபார்க்க வாய்ப்பே தரப்படவில்லை என்று எழுதிவிட்டு, ஆனாலும் ருஷ்ய வாதம் நம்பும்படி இருக்கிறது என்று முடித்தார். ஆகவே கேத்லீனின் தவறை அனுபவமின்மையின் தவறு என்று மட்டும் சொல்வது பொருந்தாது. அனுபவம் பக்கத்திலேயே உட்கார்ந்து அதே தவறைச் செய்தது.

ஜனவரி 25 அன்று ஹாரிமன் வாஷிங்டனுக்கு அனுப்பிய தந்தியை நான் திரும்பத் திரும்ப எண்ணிப்பார்க்கிறேன். சான்றுகள் முடிவானவை அல்ல, எனினும் பெரும்பாலும் ஜெர்மானியரே செய்திருக்க வேண்டும் என்று கேத்லீனும் தூதரக அலுவலரும் கருதுகிறார்கள் என்பது அதன் சாரம். அலுவலருக்குப் பெயர் இல்லை. மகளுக்குப் பெயர் இருக்கிறது, அதுவும் வெறும் கேத்லீன். வெளியுறவுத் துறைக்குப் போகும் அதிகாரபூர்வத் தந்தியில் முதற்பெயரால் மட்டும் குறிக்கப்படும் ஒருவர், குடும்பத்துக்குள்ளும் அரசுக்குள்ளும் ஒரே நேரத்தில் நிற்கிறார். தூதர் தம் சொந்தக் கருத்து எதையும் வைக்காமல், முடிவானவை அல்ல என்று ஒரு கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, தீர்ப்பை மகளின் தோளில் இறக்கிவிட்டார். இதில் வஞ்சகம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படி ஓர் ஏற்பாடு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது என்பதும், அதை அவர் இயல்பாகவே எடுத்துக்கொண்டார் என்பதும்தான் விஷயம்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழலாம். இந்த அறிக்கை எதை மாற்றியது? ஸ்டாலினின் படைகள் இல்லாமல் ஹிட்லரை வீழ்த்த முடியாது என்ற நிலையில், கத்தீனைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று ரூசவெல்ட்டும் சர்ச்சிலும் முன்பே முடிவு செய்திருந்தார்கள். ஒரு பெண் எழுதிய சில பக்கங்களா கொள்கையைத் தீர்மானித்தன? மறுப்பின் முதல் பாதியை ஏற்கிறேன். கொள்கை அவரால் வரவில்லை. ஆனால் மேலிடத்துக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று பார்க்க வேண்டும். போலந்து அரசுக்கான பிரிட்டிஷ் தூதர் ஓவன் ஓமாலி 1943 மே மாதமே சோவியத் தரப்பின் மேல் கைகாட்டும் விரிவான அறிக்கையை எழுதிவிட்டார். கோடையில் சர்ச்சில் அதை ரூசவெல்ட்டுக்கு அனுப்பியும்வைத்தார். உண்மை என்னவென்று ஊகிக்கப் போதுமான தகவல் மேலிடத்தில் இருந்தது. இல்லாமல் இருந்தது அந்த உண்மையைக் கிடப்பில் போட ஒரு சாக்கு. மாஸ்கோவிலிருந்து, நேரில் பார்த்தவர் ஒருவர் எழுதிய அறிக்கை அந்த இடத்தை நிரப்பியது. கொள்கையை உருவாக்கும் அறிக்கையைவிட, உருவான கொள்கைக்கு நிம்மதியான தூக்கம் கொடுக்கும் அறிக்கைக்கு அரசாங்கங்களில் எப்போதும் தேவை அதிகம்.

இன்னொரு மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வரும். அவரைக் கருவி என்று சொல்வது அவர் பொறுப்பைக் கழுவிவிடுவதாகாதா? ஒப்பித்த சாட்சிகளைப் பார்த்தவர், கோட்டுகளைப் பார்த்தவர், தயங்கி நின்றிருக்கலாமே? நிற்கலாம்தான். அவர் முட்டாளும் அல்ல, வாயற்றவரும் அல்ல. அந்தக் கடிதங்களின் கூர்மையே அவருக்கு எதிரான சாட்சி: விருந்தில் விழுந்த தூதரை அப்படிப் பார்க்கத் தெரிந்த கண், காட்டில் அப்படிப் பார்க்கவில்லை. நட்பு நாட்டைச் சந்தேகிப்பது போரைக் காட்டிக்கொடுப்பது என்ற அந்த ஆண்டுகளின் நம்பிக்கையில் அவரும் மனப்பூர்வமாகப் பங்கெடுத்தார். ஆகவே குற்றமற்றவர் என்று தீர்ப்பெழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் பொறுப்பு எவ்வளவு என்பதும், அது எப்படிப் பங்கிடப்பட்டது என்பதும் வேறு வேறு கேள்விகள். இரண்டாவதற்கான பதில் எட்டாண்டு கழித்துத்தான் கிடைத்தது.

அதற்கு முன் யால்டா. 1945 பிப்ரவரி 4 முதல் 11வரை ரூசவெல்ட், சர்ச்சில், ஸ்டாலின் மூவரும் அங்கே கூடி நடத்திய மாநாட்டுக்கு மூன்று மகள்கள் வந்தார்கள்: அன்னா, சாரா, கேத்லீன். மாநாடு தொடங்கும் முன்பே கேத்லீன் மாஸ்கோவிலிருந்து ரயிலில் தந்தையோடு போய், லிவாடியா அரண்மனையில் அமெரிக்கக் குழுவுக்கு இடம் ஒழுங்குபண்ணினார். ஜார் மன்னரின் அந்தக் கோடை மாளிகையை ஜெர்மானியர் கதவுப்பிடிவரை சூறையாடிப் போயிருந்தார்கள். மேசையும் கட்டிலும் பரிசாரகர்களும் மாஸ்கோ ஓட்டல்களிலிருந்து வந்து இறங்கிக்கொண்டிருந்தன. மூட்டைப்பூச்சி எக்கச்சக்கம், குளியலறை சொற்பம். யாருக்கு எந்த அறை, யார் எந்தக் குளியலறைக்கு வரிசையில் நிற்பது என்பதெல்லாம் சில்லறை விஷயமாகத் தெரியும். ஆனால் உலக வரைபடத்தைத் திருத்த வந்தவர்களின் தினசரிப் பொழுதை நடத்தியது அந்தச் சில்லறைதான். பேச்சுவார்த்தை அறைக்குள் மகள்கள் நுழையவில்லை. பிப்ரவரி 8 இரவு யூசுப்பவ் மாளிகையில் ஸ்டாலின் கொடுத்த விருந்தில் மட்டும் மூவருக்கும் இடம் இருந்தது. பெண்களை வாழ்த்திக் கோப்பை உயர்த்தப்பட்டபோது, மூவர் சார்பாகவும் ருஷ்ய மொழியில் பதில் சொன்னவர் கேத்லீன். அந்த விருந்தில் சோவியத் உளவுப் போலீசின் தலைவர் லவ்ரெந்தி பெரியாவும் உட்கார்ந்திருந்தார். போலந்துக் கைதிகளைச் சுட்டுக்கொல்லப் பரிந்துரைத்து, 1940 மார்ச் 5 அன்று சோவியத் அரசியல் குழுவின் ஒப்புதலைப் பெற்ற குறிப்பில் கையெழுத்து அவருடையது. அந்த ஆணையின்படி கொல்லப்பட்டவர்கள் 21,857 பேர் என்று சோவியத் உளவுத்துறையின் சொந்தக் கணக்கு 1959இல் பதிவுசெய்தது. கத்தீன் காட்டில் கிடந்தவர்கள் அவர்களில் சுமார் 4,400 பேர்.

கேத்லீன் ஒருவரை வைத்து ஒரு பொதுவிதி சொல்லலாமா என்ற கேள்வியும் நியாயமானதே. வேறு இரண்டு பெண்களைச் சுருக்கமாகப் பார்க்கலாம். 1933 முதல் 1937வரை பெர்லினில் அமெரிக்கத் தூதராக இருந்த வில்லியம் டாட்டின் மகள் மார்த்தா, கெஸ்டபோவின் முதல் தலைவரோடும் பழகினார், சோவியத் தூதரக அதிகாரியையும் காதலித்தார். தந்தையின் மேசையில் கேட்டதை சோவியத் உளவுத்துறைக்குக் கொடுத்தார். பதவி இல்லாததால் இரு தரப்பும் அவரைத் தங்களவர் என்று கொண்டாடவில்லை. பிறகு நாட்டைவிட்டு வெளியேறிய அவர்மேல் 1957இல் உளவுக் குற்றம் சாட்டப்பட்டது. 1990இல் பிராகாவில் இறந்தார். லண்டனில் தூதராக இருந்த ஜோசப் கென்னடியின் மகள் கேத்லீன் கென்னடியின் கதை வேறு தினுசு. தந்தை பதவியை விட்டுப் போன பின் செஞ்சிலுவைச் சங்கப் பணியாளராக லண்டன் திரும்பி, 1944 மேயில் ஆங்கிலப் பிரபுக் குடும்பத்து வாரிசு ஹார்ட்டிங்டனை மணந்தார். கத்தோலிக்கக் குடும்பத்தில் அது பெரும்பிளவானது. சில மாதங்களுக்கு முன் அந்த மாப்பிள்ளை இடைத்தேர்தலில் தோற்றிருந்தார், செப்டம்பரில் பெல்ஜியத்தில் போரில் மாண்டார். இவர் அரசுக்காக எதையும் சுமக்கவில்லை. ஆகவே என் வாதத்துக்குள் முழுதாக அடங்கவும் மாட்டார். தூதரின் மகள்கள் எல்லாரும் ஒரே அச்சு அல்ல. வீட்டின் வாசலும் அரசின் வாசலும் ஒன்றாக இருந்த இடங்களில், அந்த வாசலில் நிறுத்தப்பட்டவர்களுக்கு மட்டும்தான் நான் சொல்வது பொருந்தும்.

கேத்லீன் 1947இல் மணம் முடித்து நியூயார்க்கில் குடும்ப வாழ்க்கையில் அமைந்துவிட்டார். பத்திரிகைத் தொழிலுக்குத் திரும்பவில்லை. 1952 நவம்பரில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் கத்தீன் விசாரணைக் குழு அவரைச் சாட்சியத்துக்கு அழைத்தது. ரே மேடன் தலைமையிலான அந்தக் குழுவுக்கும் தன் அரசியல் உண்டு. கொரியாவில் போர் நடக்கிறது, யால்டா என்ற சொல்லே வசையாகிவிட்ட காலம். எட்டாண்டுக்கு முன் கூட்டாளியைக் காப்பாற்றப் பயன்பட்ட பக்கங்கள், இப்போது எதிரியாகிவிட்ட அதே நாட்டைச் சாடப் பயன்பட்டன. தம் முடிவு தவறு என்று அவர் ஒப்புக்கொண்டார். கொலைசெய்தது சோவியத் உளவுப் போலீசே என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. தந்தையும் அந்தக் குழுவின் முன் வந்தார். ஆனால் அவருக்குப் பின்னால் அதிபரின் கொள்கை, போரின் நெருக்கடி, துறையின் நடைமுறை என்று சாய்ந்துகொள்ளச் சுவர்கள் இருந்தன. மகள் யாருடைய உத்தரவைக் காட்டுவார்? 1944இல் பதவி இல்லாதவராக அனுப்பப்பட்டவர், 1952இல் பதவி வகித்தவரைப்போலக் கேள்வி கேட்கப்பட்டார்.

அதே விசாரணையில் இன்னொரு அறிக்கையின் கதையும் வெளிவந்தது. ஜெர்மானியரிடம் போர்க்கைதியாக இருந்த அமெரிக்க ராணுவ அதிகாரி ஜான் வான் விலீட், கேப்டன் டொனால்ட் ஸ்டூவர்ட்டோடு 1943 மேயில் கத்தீனுக்குக் கொண்டுபோகப்பட்டவர். ஜெர்மானியரை வெறுத்தவர், அவர்கள் சொல்வதை நம்பவே கூடாது என்ற வைராக்கியத்தோடு போனவர். பிணங்களின் மேலிருந்த உடைகளும் காலணிகளும் அதிகம் தேயாமல் இருப்பதைப் பார்த்தார். ஓராண்டுக்கு மேல் முகாமில் கிடந்த கைதியின் காலணி அப்படி இருக்காது என்பது அவருக்குத் தன் சொந்தக் காலிலிருந்தே தெரியும். கொன்றது சோவியத் தரப்பு என்ற முடிவுக்கு வந்தார். 1945 மேயில் விடுதலையானதும் வாஷிங்டனில் ராணுவ உளவுத் தலைமையிடம் சொன்னார். அது பரம ரகசியம் என்று முத்திரை குத்தப்பட்டது, பிறகு காணாமலே போனது. 1950இல் அவர் நினைவிலிருந்து மறுபடியும் எழுதித்தர வேண்டியிருந்தது.

கோர்பச்சேவ் அரசு 1990 ஏப்ரலில் கத்தீன் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது கேத்லீனுக்கு வயது 72. 2011 பிப்ரவரியில், 93ஆம் வயதில் இறந்தார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க ஆவணக் காப்பகம் கத்தீன் தொடர்பான சுமார் 1,000 பக்கங்களை வெளியிட்டது. கைதிகளாக இருந்த அந்த இரு அதிகாரிகளும் கத்தீனைப் பார்த்துத் திரும்பியதுமே, 1943இலேயே, முகாமிலிருந்து சங்கேதமொழியில் வாஷிங்டனுக்குச் செய்தி அனுப்பியிருந்தார்கள் என்பது அவற்றில் இருந்தது. ஸ்மோலென்ஸ்க் போகும் ரயிலில் தூதரின் மகள் ஏறுவதற்குப் பல மாதம் முன்பு.